எந்தத் தாங்கி

வாக்குமூலம் இலக்கம் நூற்றுப் பதினேழு.
அவள் தமிழில் சொன்னது, என் கையெழுத்தில் இங்கிலிசாக:
கணவரைக் கடைசியாகக் கண்டது டாங்கின் அருகில்.

கொழும்பிலிருந்து வந்த ஐயா
பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்.
ஓரத்தில் இரண்டே சொல்:
எந்த டாங்க்?

நியாயமான கேள்விதான்.
கச்சேரியின் பின்கட்டில், மின்விசிறி சுற்றாத அறையில்
பதினாறு வருடமாக மொழிபெயர்த்துச் சோறு தின்கிறேன்,
எனக்கே அது தோன்றவில்லை.
அகராதியை எடுத்தேன்.

முதலில் அது குளம்.
போர்த்துக்கீசன் வாய்வழி வந்ததென்று ஒரு கட்சி,
குஜராத்தில் நீர் சேர்க்கும் குழியென்று மறு கட்சி.
எப்படியோ, கந்தளாய்க்கு வந்த வெள்ளைக்காரன்
அக்கரை தெரியாமல் கிடந்த அந்த நீரை
நான்கு எழுத்துக்குள் அடைத்து
வரைபடத்தில் நீலம் பூசினான்.

பிறகு அது இரும்பு.
சீனன்குடாக் காட்டுக்குள் எண்ணெய்க்கென்று கட்டியவை,
இலக்கம் எழுதிய வயிறுகள்,
வரிசை வரிசையாக.
நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் எரித்தது
இன்னும் சுருண்டு கிடக்கிறது,
அடுப்பில் தவறி விழுந்த அப்பளம் மாதிரி.

இதற்கெல்லாம் முன்னால், முதலாம் உலகப் போரில்,
பீரங்கி பூட்டிய ஊர்தி ஒன்றைச் செய்தவர்கள்
ஒற்றனுக்குத் தெரியக்கூடாதென்று
தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள்.
பொய்க்கு வேலை முடிந்தது.
பெயர் இறங்கவில்லை.

உப்புவெளிக் கரையில் உல்லாசப் பிள்ளைகள்
போட்டுத் திரியும் கையில்லாச் சட்டைக்கும் இதே சொல்லாம்.
ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்பதற்கும்.
அவற்றை நான் குறித்துக்கொள்ளவில்லை.

மறுகிழமை பாக்கியவதி வந்தாள்,
தம்பலகாமத்திலிருந்து, கதிரை நுனியில் இருந்தாள்.
எந்த டாங்க் அம்மா?

“அவர் தாங்கியடியில காவல் வேலை.
விடிய ஆறு மணிக்கு முடிஞ்சு,
வயலுக்குத் தண்ணி விட்டிட்டினமோ எண்டு பாக்கக்
குளக்கட்டால வந்தவர்.
கட்டில டாங்கி நிண்டது.
கந்தையற்ற பொடியன் தூரத்தில நிண்டு கண்டவன்.
இவர் சைக்கிளால இறங்கினவர்.”

பிறகு?

“இறங்கினவர்.”

எழுதினேன்:
டாங்கில் வேலை முடிந்து
டாங்கின் கட்டால் வரும்போது
டாங்கின் அருகில்.
இங்கிலிஸ் திக்கியது. கசக்கி எறிந்தேன்.
புதுத் தாளில், எண்ணெய், நீர்ப்பாசனம், கவசம் என்று
ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அடைமொழி நிறுத்தினேன்.
இனி ஐயாவுக்கு விளங்கும்.

சட்டப்படி வாசித்துக் காட்டவேண்டும்.
தமிழில் வாசித்தேன்.
கவச ஊர்தி என்ற இடத்தில் கையைத் தூக்கினாள்.
“நான் அப்பிடிச் சொல்லேல்லை. டாங்கி எண்டுதான் சொன்னனான்.”

உண்மை. அப்படித்தான் சொன்னாள்.
எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வந்த சொல்லின் தலையில்
எங்கள் சனம் ஒரு தகரம் வைத்து
சுமைதாங்கிக்கும் இடிதாங்கிக்கும் பக்கத்தில்
குடியேற்றிவிட்டது.
மற்றதற்கு மட்டும் டகரத்தை விட்டுவைத்தது.
யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை.

பெருவிரல் வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை;
முதல் தாளில் கையெழுத்துப் போட்டவள்.
வாசலில் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கியில்
விரலைக் கழுவினாள். மை போகவில்லை.
நான் கசக்கி எறிந்ததை
மான் ஒன்று மென்றுகொண்டு நின்றது,
இந்த ஊர் மான்கள் எதையும் தின்னும்.

பழைய தாளையும் கோப்பில் இணைக்கவேண்டும்.
ஐயாவின் பென்சில் சுழியை அழித்தேன்.
தாள் அந்த இடத்தில் கொஞ்சம் மெலிந்துபோயிற்று.
யன்னலில் பிடித்துப் பார்த்தால் தெரிகிறது,
வரைபடத்துக் குளம் போல,
நீலம் மட்டும் இல்லை.